மின்சாரம், காந்தம், அலகுகள்: அடிப்படையிலிருந்து கற்க எங்கே தொடங்குவது?

புலியூர் வாசகி (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் படித்தது பி.ஏ. வரலாறு. இப்போது ஒரு எலக்ட்ரிக்கல் சாமான் கடையில் பில் போடுகிறேன். 6 ஆம்ப் சுவிட்ச், 16 ஆம்ப் சாக்கெட், ஒன்றரை ஸ்கொயர் வயர், 9 வாட் பல்பு, 150 ஏஎச் பேட்டரி என்று காலையிலிருந்து இரவு வரை தட்டிக்கொண்டே இருக்கிறேன். விலை எல்லாம் மனப்பாடம். அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் சொற்கள் எதை அளக்கின்றன என்பதுதான் தெரியவில்லை.

மகள் பத்தாம் வகுப்பு போயிருக்கிறாள். அவளோடு சேர்ந்து நானும் படிக்கலாம் என்று அறிவியல் புத்தகத்தை எடுத்தேன். வாய்ப்பாட்டில் எண்ணைப் போட்டு விடை கொண்டுவர முடிகிறது. கணக்கு எனக்குப் பயமில்லை. ஆனால் "4.3 ஆம்பியர்" என்று விடை வந்தால், அது பெரியதா சின்னதா, அதனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. மகளுக்கும் அதே நிலைதான், அவள் மதிப்பெண் வாங்கிவிடுகிறாள் என்பதைத் தவிர.

எதை முதலில் பிடிப்பது? மின்சாரமா, காந்தமா, அலகுகளா? வழி சொல்லுங்கள்.

---

வில்லியனூர் வயர்மேன்

அக்கா, கடையில் இருக்கும் உங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரிதான். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது வோல்ட். குழாயில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறதோ அது ஆம்பியர். குழாய் எவ்வளவு ஒடுங்கி இருக்கிறதோ அது மின்தடை, அதன் அலகு ஓம். உயரம் கூடினால் வேகமாக வரும், குழாய் ஒடுங்கினால் குறைவாக வரும். ஓம் விதி அவ்வளவுதான். நான் வேலை கற்றுக்கொண்டதே இப்படித்தான்.

---

முத்தியால்பேட்டை ஆசிரியர் (ஓய்வு, இயற்பியல்)

தம்பி சொன்ன தொட்டி முதல் நாளுக்கு நல்லது. அதிலேயே நின்றுவிடக் கூடாது. குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். வயரை வெட்டினால் எதுவும் கொட்டாது, மின்னோட்டம் நின்றுவிடும். காந்தத்துக்கு அந்தத் தொட்டியில் இடமே கிடையாது. ஆகவே இரண்டாம் நாளே அதை விட்டு இறங்கிவிடுவோம்.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில்: அலகிலிருந்து தொடங்குங்கள். பள்ளிகளில் நாம் அலகைக் கடைசியில் ஒட்டவைக்கிறோம். விடை எழுதி, பக்கத்தில் அலகு எழுதாவிட்டால் அரை மதிப்பெண் குறைப்போம். அதனால் பிள்ளைகள் அதை ஒரு வால் மாதிரி நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் பாடமே அலகுக்குள்தான் இருக்கிறது. நான்கை மட்டும் இன்று பாருங்கள்.

முதலில் மின்னூட்டம். அதன் அலகு கூலும். எலக்ட்ரான்களை எண்ணிப் பார்த்தால் சுமார் 6.24 × 10¹⁸ எலக்ட்ரான் சேர்ந்தது ஒரு கூலும். எலக்ட்ரானை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் மொத்தமாகக் கட்டிவைத்த கணக்கு இது.

அடுத்தது மின்னோட்டம். ஒரு நொடியில் வயரின் ஓர் இடத்தை எத்தனை கூலும் கடக்கிறது என்பது. நொடிக்கு ஒரு கூலும் கடந்தால் ஒரு ஆம்பியர்.

மூன்றாவது ஆற்றல், அதாவது ஜூல். நூறு கிராம் சோப்புக் கட்டி ஒன்றைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் தூக்க ஏறக்குறைய ஒரு ஜூல் ஆகிறது.

இனி வோல்ட். இதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். ஒரு வோல்ட் என்றால் ஒரு கூலும் மின்னூட்டம் ஒரு ஜூல் ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போகிறது என்று அர்த்தம். கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல், தன் வழியாகப் போகும் ஒவ்வொரு கூலுமுக்கும் ஒன்றரை ஜூல் தருகிறது. உங்கள் வீட்டு பிளக்கில் 230 வோல்ட். அங்கே ஒவ்வொரு கூலுமும் 230 ஜூல் தரும்.

இப்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். கூலுமுக்கு எத்தனை ஜூல், நொடிக்கு எத்தனை கூலும். கூலும் இரண்டு பக்கமும் அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது நொடிக்கு எத்தனை ஜூல். அதைத்தான் வாட் என்கிறோம். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யவே வேண்டாம், அலகே தானாகச் சொல்லிவிடுகிறது. கடையில் அடுத்த பில் போடும்போது இதை வைத்து ஒரு சாமானைப் பாருங்கள்.

---

புலியூர் வாசகி

சார், படித்தவுடனே மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் எடுத்துக்கொண்டோம். நொடிக்கு 1000 ஜூல் வேண்டும். ஒவ்வொரு கூலுமும் 230 ஜூல் கொண்டுவருகிறது. அப்படியானால் நொடிக்கு 1000 ÷ 230 = 4.35 கூலும் வந்தாக வேண்டும். அதாவது 4.35 ஆம்பியர். நான் முதல் பதிவில் எழுதிய அதே எண்!

அப்புறம் 2000 வாட் கீசர். 8.7 ஆம்பியர். 6 ஆம்ப் சாக்கெட்டில் அதைச் சொருகக் கூடாது, 16 ஆம்ப் வேண்டும் என்று கடையில் சொல்வதன் காரணம் இதுதானா? இத்தனை நாள் பெரிய பிளக் என்பதால் பெரிய சாக்கெட் என்று இருந்தேன்.

---

வில்லியனூர் வயர்மேன்

அதேதான் அக்கா. சாக்கெட்டோடு நிற்காது, வயரும் மாற வேண்டும். சாக்கெட்டை மட்டும் 16 ஆம்ப் ஆக்கிவிட்டுப் பின்னால் பழைய மெல்லிய வயரையே விட்டுவிடுகிறார்கள். சுவருக்குள் வயர் சூடாகிறது, யாருக்கும் தெரிவதில்லை. நம் கடலோரத்தில் உப்புக்காற்றில் திருகு இணைப்புகள் வேறு பச்சை பிடித்துப்போகும். பச்சை பிடித்த இடத்தில் மின்தடை கூடும், அந்த ஒரு புள்ளியில் கொதிக்கும். பிளக்கின் ஒரு கால் மட்டும் கருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

வயர் அளவைப் பற்றியும் சொல்கிறேன், உங்கள் கடைக்கு உதவும். பழைய ஆட்கள் "மூணு இருபது கொடு, ஏழு இருபது கொடு" என்று கேட்பார்கள். 3/20 என்றால் 20ஆம் கேஜ் கம்பி மூன்று இழை. 20ஆம் கேஜ் கம்பியின் விட்டம் 0.914 மில்லிமீட்டர்.

---

முத்தியால்பேட்டை ஆசிரியர்

தம்பி தொடங்கியதை முடித்துவிடுகிறேன். விட்டம் 0.914 மி.மீ. என்றால் குறுக்குப் பரப்பு 0.656 சதுர மி.மீ. மூன்று இழைக்கு 1.97. ஆக "மூணு இருபது" என்பது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 ஸ்கொயர். ஏழு இழைக்கு 4.59, அதாவது நாலரை ஸ்கொயர். கடைக்காரர்கள் "ஸ்கொயர்" என்பது சதுர மில்லிமீட்டரைத்தான். பரப்பு இரட்டிப்பானால் அதே நீளத்துக்கு மின்தடை பாதியாகும். நீளம் இரட்டிப்பானால் மின்தடையும் இரட்டிப்பாகும்.

---

லாஸ்பேட்டை டிப்ளமோ

சார், நான் பாலிடெக்னிக் முதலாண்டு. ஒரு சந்தேகம். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று வீட்டில் இருந்தது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், ஆம்பியர் 60 ÷ 230. கணக்குப் போட்டால் 230 × 230 ÷ 60 = 882 ஓம் வருகிறது. பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் நூறு ஓம்கூடக் காட்டவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதா, ஓம் விதி தப்பா?

---

நெய்வேலி டர்பைன்

தம்பி, மீட்டரும் சரி, விதியும் சரி. நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை. கணக்குப் போட்டது எரியும் இழைக்கு. டங்ஸ்டன் இழை வெள்ளையாக ஒளிரும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் போகிறது. உலோகம் சூடானால் மின்தடை ஏறும். குளிர்ந்த நிலையில் அது எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழேதான் இருக்கும். குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் ஃப்யூஸ் ஆவதற்கும் இது ஒரு காரணம். முதல் கணத்தில் தடை குறைவு, மின்னோட்டம் பல மடங்கு பாய்கிறது.

ஓம் 1827இல் தன் விதியை வெளியிட்டபோது சொன்னது, வெப்பநிலை மாறாமல் இருக்கும் கடத்திக்குத்தான் பொருந்தும். பரீட்சையில் "வெப்பநிலை மாறா நிலையில்" என்று ஒரு வரி எழுதுவோமே, அது அலங்காரத்துக்கு அல்ல. உங்கள் பல்பில் அதுதான் முழுக் கதையும்.

---

பாகூர் ஏரிக்கரை

விவசாயி பேசுகிறேன். எங்கள் மோட்டாரில் 5 எச்பி என்று போட்டிருக்கிறது. கரண்ட் பில்லில் யூனிட் என்கிறார்கள். இந்த வாட், ஜூல் எல்லாம் இவற்றோடு எப்படிச் சேரும்?

---

நெய்வேலி டர்பைன்

ஐயா, எச்பி என்பது வாட்டின் பழைய உறவு. ஒரு எச்பி 746 வாட். 5 எச்பி என்றால் 3730 வாட், நொடிக்கு 3730 ஜூல். இது மோட்டாரின் தண்டு வெளியே தரும் வேலை. உள்ளே இழுப்பது இதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் மோட்டார் சூடாவதிலும் ஆற்றல் போகிறது.

யூனிட் என்பது வேறு வகை. அது வேகம் இல்லை, மொத்தம். 1000 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட். ஒரு மணிக்கு 3600 நொடி, ஆகவே 1000 × 3600 = 36 லட்சம் ஜூல். பலர் "என் வீட்டில் ஒரு மணிக்கு இத்தனை கிலோவாட் ஆகிறது" என்கிறார்கள். கிலோவாட்டிலேயே "நொடிக்கு" என்பது அடங்கிவிட்டது. அதை மணியால் பெருக்கினால்தான் யூனிட்.

36 லட்சம் ஜூலால் என்ன செய்யலாம்? ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. அதை ஒரு மீட்டர் தூக்க 9800 ஜூல். ஒரு யூனிட்டில் ஒரு துளியும் வீணாகாவிட்டால் அந்த ஆயிரம் லிட்டரை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம். உங்கள் போர்வெல் 30 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட்டுக்கு 12,000 லிட்டர் மேலே வர வேண்டும். நிஜத்தில் பம்ப், குழாய் உராய்வு, மோட்டார் எல்லாம் எடுத்துக்கொண்டது போகப் பாதி கிடைத்தாலே நல்ல பம்ப் என்று சொல்லலாம். தொட்டி நிறையும் நேரத்தையும் மீட்டர் ஓடுவதையும் குறித்துக்கொண்டால் உங்கள் பம்ப் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

---

பாகூர் ஏரிக்கரை

ரொம்ப நன்றி தம்பி. பக்கத்து நிலத்துக்காரரின் மோட்டாரும் என் மோட்டாரும் ஒரே எச்பி, அவருக்கு மட்டும் தண்ணீர் கூடுதலாக வருகிறது. இரண்டையும் இப்படி அளந்து பார்க்கப்போகிறேன்.

---

புலியூர் வாசகி

எங்கள் பக்கம் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். மகள் ஃபேனைக் கணக்குப் போட்டாள். 75 வாட் ஃபேன் தினம் பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட், அறுபது நாளைக்கு 45 யூனிட். கடையில் புதிதாக விற்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 18. வாடிக்கையாளர்களுக்கு இனி இதைக் கணக்கோடு சொல்வேன்.

சார், காந்தத்துக்குப் போகலாமா? மகளின் புத்தகத்தில் வலதுகைக் கட்டைவிரல் விதி என்று படம் இருக்கிறது. கையை மடக்கிப் பார்க்கிறோம். எதை எதற்குக் காட்டுகிறோம் என்று மட்டும் பிடிபடவில்லை.

---

முத்தியால்பேட்டை ஆசிரியர்

கையை மடக்குவதற்கு முன்னால் ஊசி திரும்புவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் அம்மா. 1820இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் பார்த்தார். மின்னோட்டம் போகும் கம்பிக்கு அருகில் இருந்த திசைகாட்டி ஊசி திரும்பியது. அதற்கு முன் மின்சாரம் ஒரு பாடம், காந்தம் வேறு பாடம். அந்த ஊசி திரும்பிய பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஒரு சின்னத் திசைகாட்டி, டார்ச் செல் இரண்டு, டார்ச் பல்பு ஒன்று, கொஞ்சம் எனாமல் கம்பி போதும். கம்பியை ஊசிக்கு மேலே வடக்கு தெற்காக வையுங்கள். கிழக்கு மேற்காக வைத்தால் ஊசி அசையாமல் ஏமாற்றிவிடும். கம்பி உண்டாக்கும் காந்தப்புலம் கம்பியைச் சுற்றி வளையமாக இருக்கிறது. கட்டைவிரல் மின்னோட்டத் திசை என்றால் மடங்கிய விரல்கள் அந்த வளையம். கம்பி வடக்கு தெற்காக இருந்தால் அந்த வளையம் ஊசியின் உயரத்தில் குறுக்கே, கிழக்கு மேற்காகத் தள்ளும். அப்போதுதான் ஊசி திரும்பும்.

இனி அளவு. நீண்ட நேர் கம்பிக்கு அருகே காந்தப்புலம் எவ்வளவு? மின்னோட்டத்தை ஆம்பியரிலும் தூரத்தைச் சென்டிமீட்டரிலும் எடுத்தால், 20 × ஆம்பியர் ÷ சென்டிமீட்டர். விடை மைக்ரோடெஸ்லாவில் வரும். நம் புதுச்சேரி கடலூர் பக்கம் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதுவும் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனைப் பக்கம் போவதால் நமக்கு ஊசியின் சாய்வு 10 டிகிரிக்கும் குறைவு. டெல்லியில் அது 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. இந்தச் சோதனைக்கு நம் ஊர் மிகவும் வசதியான ஊர்.

கம்பியில் 2 ஆம்பியர் போய், ஊசி ஒரு சென்டிமீட்டர் கீழே இருந்தால், கம்பியின் புலமும் 40, பூமியின் புலமும் 40. ஊசி எந்தப் பக்கம் போகும்? நடுவில் நிற்கும், 45 டிகிரி. ஆனால் டார்ச் பல்பு வழியாகச் சுமார் 0.3 ஆம்பியர்தான் போகும். ஒரு கம்பி என்றால் 6 மைக்ரோடெஸ்லா, ஊசி எட்டு டிகிரி அளவில் அசையும். கம்பியைத் திசைகாட்டியின் மேல் பத்துச் சுற்று சுற்றிவிடுங்கள், நன்றாகத் திரும்பும். பல்பு இல்லாமல் செல்லை நேராகக் கம்பியில் இணைக்க வேண்டாம். செல்லும் கம்பியும் சூடாகிவிடும்.

டெஸ்லாவுக்கும் அலகை விரித்துப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியில் ஒரு ஆம்பியர் போகும்போது, புலத்துக்குக் குறுக்காக இருக்கும் அந்தக் கம்பியை ஒரு நியூட்டன் விசை தள்ளினால் அங்கே ஒரு டெஸ்லா. மிகப் பெரிய அளவு அது. ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் இருக்கும் எம்ஆர்ஐ கருவிகள் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. 1.5 டெஸ்லா என்பது நம் காலடிப் புலத்தைவிட 37,000 மடங்குக்கு மேல். சாவிக்கொத்தைக்கூட வெளியே வைக்கச் சொல்வது அதனால்தான்.

---

தேவனாம்பட்டினம் படகு

எங்கள் அப்பா காலத்தில் படகில் திசைகாட்டிதான். இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது, ஆனாலும் திசைகாட்டியை யாரும் இறக்கிவிடவில்லை. ரேடியோ ஸ்பீக்கரை அதன் பக்கத்தில் வைத்தால் அப்பா திட்டுவார். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருப்பது தெரியும். நூலிழை அளவு மின்னோட்டமே ஊசியைத் திருப்பும் என்றால் பேட்டரி வயரையும் அதன் பக்கம் விடக் கூடாது போலிருக்கிறதே.

---

முத்தியால்பேட்டை ஆசிரியர்

ஆமாம் ஐயா, விடக் கூடாது. விட்டே ஆக வேண்டும் என்றால் பிளஸ் வயரையும் மைனஸ் வயரையும் ஒன்றோடு ஒன்று முறுக்கி விடுங்கள். ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும்.

---

லாஸ்பேட்டை டிப்ளமோ

சார், திசைகாட்டியை அயர்ன் பாக்ஸ் வயருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 4 ஆம்பியர் போகிறது, ஊசி அசையவே இல்லை.

---

நெய்வேலி டர்பைன்

இரண்டு காரணம் தம்பி, இரண்டும் அருமையானவை.

முதலாவது, வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை இப்படியும் அப்படியும் ஆடும் மாறுதிசை மின்னோட்டம். ஊசி கிழக்கே போகத் தொடங்குவதற்குள் மேற்கே வா என்று இழுக்கிறது. அந்த வேகத்துக்கு ஊசியால் ஈடுகொடுக்க முடியாது.

இரண்டாவது, ஐயாவிடம் சார் இப்போது சொன்னதுதான். அயர்ன் பாக்ஸ் கேபிளுக்குள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. ஒன்றில் போவது மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டின் புலமும் எதிரெதிர், கூட்டினால் கிட்டத்தட்டப் பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்தை வைத்துத்தான், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேலை செய்கிறது. அக்கா, உங்கள் கடையில் இருக்கும் அந்த 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்குள் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் அதற்குள் சேர்ந்தே போகின்றன. போனதெல்லாம் திரும்பி வந்தால் வளையத்தில் காந்தப்புலம் இல்லை. யாராவது தெரியாமல் ஃபேஸைத் தொட்டு, உடல் வழியாகத் தரைக்குக் கொஞ்சம் போய்விட்டால், திரும்பி வருவது அந்த அளவு குறையும். உடனே வளையத்தில் ஆடுகிற ஒரு புலம் பிறக்கிறது. வளையத்தில் சுற்றியிருக்கும் சின்னக் கம்பிச்சுருளில் அது மின்னோட்டத்தைத் தூண்டி, சுவிட்சைத் தட்டிவிடுகிறது. ஓர்ஸ்டெட் 1820இல் கண்டதும், ஃபாரடே 1831இல் கண்டதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் சேர்ந்து உட்கார்ந்து ஓர் உயிரைக் காக்கின்றன. எனக்கு டர்பைனைவிட இதைப் பார்த்தால்தான் வியப்பு.

---

வில்லியனூர் வயர்மேன்

இதை நான் ஆயிரம் வீட்டில் சொல்லிவிட்டேன். மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழும் எம்சிபி சுவிட்ச் இருக்கிறதே, அது போதும் என்கிறார்கள். எம்சிபி வயரைக் காக்கும், ஆளைக் காக்காது. 16 ஆம்ப் எம்சிபி, பதினாறு ஆம்பியரைத் தாண்டினால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கும். மனிதன் போய்ச் சேர அதில் நூற்றில் ஒரு பங்கு போதும்.

ஈரக் கையோடு இருப்பவரின் உடல் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும் என்பார்கள். 230 ÷ 1000 = 0.23 ஆம்பியர், 230 மில்லிஆம்பியர். அது இதயத்தை நிறுத்தக்கூடியது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கடலூர்ப் பக்கம் கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அறுந்து கிடக்கும் வயரைக் கண்டால் "கரண்ட் இருக்காது" என்று நினைத்துப் பக்கத்தில் போகவே கூடாது. எந்த நேரமும் லைன் உயிர் பெறலாம்.

ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.

---

லாஸ்பேட்டை டிப்ளமோ

அப்படியானால் ஆளைக் கொல்வது வோல்ட்டா ஆம்பியரா? வகுப்பில் இதற்குப் பெரிய சண்டை.

---

முத்தியால்பேட்டை ஆசிரியர்

உடலைப் பாதிப்பது அதன் வழியாகப் போகும் மின்னோட்டமும் அது போகும் நேரமும். அந்த மின்னோட்டத்தை உண்டாக்குவது வோல்ட். கார் பேட்டரி நூற்றுக்கணக்கில் ஆம்பியர் தர வல்லது, ஆனாலும் அதன் 12 வோல்ட்டால் உலர்ந்த தோலைத் தாண்டி ஆபத்தான அளவு மின்னோட்டத்தை அனுப்ப முடியாது. 230 வோல்ட்டால் முடியும். ஆகவே இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பேசுகிறார்கள். உடலின் ஓமையும் சேர்த்துப் பேசினால் சண்டை தீர்ந்துவிடும்.

---

புலியூர் வாசகி

இன்று கடையில் ஆர்சிசிபி வாங்க வந்தவரிடம் இரும்பு வளையத்தைப் பற்றிச் சொன்னேன். இரண்டு வாங்கிக்கொண்டு போனார், அவருடைய அம்மா வீட்டுக்கும் சேர்த்து.

வரலாறு படித்தவளுக்கு வரும் கேள்வி ஒன்று. இந்த ஆம்பியரை யார் முடிவு செய்தார்கள்? எதை வைத்து?

---

முத்தியால்பேட்டை ஆசிரியர்

நல்ல கேள்வி. 1948இல் வந்த வரையறை இது. ஒரு மீட்டர் இடைவெளியில், வெற்றிடத்தில், முடிவில்லாத நீளமுள்ள இரண்டு மெல்லிய கம்பிகள். இரண்டிலும் ஒரே மின்னோட்டம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 2 × 10⁻⁷ நியூட்டன் விசையில் அவை ஒன்றை ஒன்று இழுத்தாலோ தள்ளினாலோ அது ஒரு ஆம்பியர். கவனித்தீர்களா, மின்சாரத்தின் அலகைக் காந்த விசையை வைத்து வரையறுத்தார்கள். நான் மேலே கொடுத்த "20 × ஆம்பியர் ÷ சென்டிமீட்டர்" கணக்குக்கும் வேர் இந்த 2 × 10⁻⁷ தான்.

முடிவில்லாத கம்பியை யார் செய்வது? அதனால் 2019 மே 20 முதல் வழியை மாற்றிவிட்டார்கள். ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம் சரியாக 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று நிலையாக வைத்துவிட்டார்கள். கூலும் அதிலிருந்து வருகிறது, நொடியோடு சேர்ந்து ஆம்பியர் வருகிறது. அன்றே கிலோகிராமும் மாறியது. பாரிசுக்கு அருகே பூட்டி வைத்திருந்த பிளாட்டினம் இரிடியம் உருளைக்குப் பதிலாக, பிளாங்க் மாறிலியின் மதிப்பை வைத்துக் கிலோகிராமை வரையறுக்கிறார்கள். மீட்டர் முறை பிறந்தது பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1795இல் அங்கே சட்டமானது. நம் நாட்டில் அதற்கான சட்டம் 1956இல் வந்தது. படியும் பலமும் சேரும் போய் லிட்டரும் கிலோவும் வந்ததைப் பார்த்த பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள், உங்கள் மகளை அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

---

தேவனாம்பட்டினம் படகு

நெய்வேலித் தம்பி, ஃபாரடே கண்டது என்ன என்று சொல்லாமல் போய்விட்டீர்களே.

---

நெய்வேலி டர்பைன்

ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் வந்தேன். கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் நடக்காது. காந்தத்தை உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும் மட்டும் சுருளில் மின்னோட்டம் வருகிறது. புலம் மாற வேண்டும், அதுதான் கண்டுபிடிப்பு. எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வோல்ட்.

எங்கள் ஊரில் நடப்பது முழுக்க இதுதான். பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவி உண்டாக்கி, டர்பைனைச் சுழற்றி, அதோடு சேர்ந்து ஒரு பெரிய மின்காந்தத்தைக் கம்பிச்சுருள்களுக்கு நடுவே சுழலவிடுகிறோம். நிமிடத்துக்கு 3000 சுற்று. 60ஆல் வகுத்தால் நொடிக்கு 50. உங்கள் ஃபேன் ரெகுலேட்டரின் பின்னால் 50 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதே, அது இந்தச் சுழற்சிதான். இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் ஜெனரேட்டர்கள் ஏழு, மொத்தம் 1470 மெகாவாட். ஒரே ஒரு 210 மெகாவாட் என்றால் நொடிக்கு 21 கோடி ஜூல். சாரின் சோப்புக் கட்டியை நினைத்தால் தலை சுற்றும்.

அங்கிருந்து 230 கிலோவோல்ட், 400 கிலோவோல்ட் என்று ஏற்றி அனுப்புவதற்கும் காரணம் அலகிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கூலுமிலும் அதிக ஜூல் ஏற்றினால் குறைந்த கூலும் போதும். வோல்ட்டைப் பத்து மடங்கு ஆக்கினால் ஆம்பியர் பத்தில் ஒன்று. வயரில் வெப்பமாக வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது, அது நூறில் ஒன்றாகிவிடும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வாங்கி நம் வீட்டுக்கு ஏற்றபடி இறக்கித் தருகிறது. அதுவும் ஃபாரடேதான். ஒரு சுருளின் மாறும் புலம் பக்கத்துச் சுருளில் வோல்ட்டை உண்டாக்குகிறது. நேர்த்திசை மின்னோட்டத்தை அப்படியே கொடுத்தால் புலம் மாறாது, டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது.

---

லாஸ்பேட்டை டிப்ளமோ

கடைசிச் சந்தேகம். என் போனில் 5000 எம்ஏஎச் பேட்டரி. வீட்டு யுபிஎஸ்ஸில் 150 ஏஎச். 5000 மில்லி என்றால் 5. அப்படியானால் யுபிஎஸ் பேட்டரி என் போனைப் போல 30 மடங்குதானா? தூக்கவே இரண்டு ஆள் வேண்டியிருக்கிறதே.

---

புலியூர் வாசகி

தம்பி, இதற்கு நானே பதில் சொல்கிறேன். சார் தப்பு இருந்தால் திருத்தட்டும்.

ஏஎச் என்பது ஆம்பியர் மணி. ஆம்பியர் என்பது நொடிக்குக் கூலும். அதை நேரத்தால் பெருக்கினால் வெறும் கூலும்தான் மிஞ்சும். 150 × 3600 = 5,40,000 கூலும். உன் போனில் 18,000 கூலும். கூலும் கணக்கில் 30 மடங்கு சரிதான். ஆனால் ஒவ்வொரு கூலுமும் எத்தனை ஜூல் சுமக்கிறது என்று நீ பார்க்கவில்லை. யுபிஎஸ் பேட்டரி 12 வோல்ட். போன் பேட்டரியில் 3.85 வோல்ட் என்று பின்னால் அச்சிட்டிருந்தது.

150 × 12 = 1800 வாட் மணி, அதாவது 1.8 யூனிட். போன் 5 × 3.85 = 19.25 வாட் மணி. வகுத்தால் ஏறக்குறைய 94 மடங்கு. மகள் இன்னொன்றும் கண்டுபிடித்தாள். ஒரு யூனிட் மின்சாரத்தில் சார்ஜரில் வீணாவதைக் கழிக்காமல் பார்த்தால் போனை ஐம்பது முறை முழுதாக சார்ஜ் செய்யலாம்.

---

முத்தியால்பேட்டை ஆசிரியர்

திருத்த எதுவும் இல்லை அம்மா. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ்ஸின் ஈய அமில பேட்டரியை முழுதாகக் காலி செய்தால் சீக்கிரம் கெடும், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். ஆகவே 1800 வாட் மணியை வைத்து 200 வாட்டுக்கு ஒன்பது மணி நேரம் வரும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். ஐந்து ஆறு மணி நேரம் என்று சொல்லுங்கள்.

மகளை லாஸ்பேட்டையில் இருக்கும் அப்துல் கலாம் அறிவியல் மையத்துக்கும் ஒரு முறை அழைத்து வாருங்கள். திசைகாட்டிச் சோதனை முடிந்ததும் ஊசி எத்தனை டிகிரி திரும்பியது என்று இங்கேயே எழுதுங்கள், அதிலிருந்து உங்கள் கம்பியில் போன ஆம்பியரைக் கணக்கிடுவோம்.

---

புலியூர் வாசகி

எனாமல் கம்பி கடையிலேயே இருக்கிறது சார். ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டு எழுதுகிறேன்.